வெள்ளைச் சுவர்களின் ஓவியர்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



வரலாறு படித்தவன் ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கு. கடைசியில் சொல்றேன்.

பாரிஸ் நகரின் வடபகுதியில் மோன்மார்த்ர் என்றொரு குன்று. அங்கே 1883 டிசம்பர் 26 அன்று மொரீஸ் உட்ரில்லோ பிறந்தார். தகப்பன் யாரென்று உறுதியாகத் தெரியாது. 1891இல் மிகெல் உட்ரில்லோ என்ற ஸ்பானிய நண்பர் தன் பெயரைக் கொடுத்தார். தாய் சுசான் வலாதோனுக்கு அப்போது 18 வயது. சர்க்கஸில் வித்தை காட்டி, கீழே விழுந்து, பிறகு ரெனுவார், தூலூஸ் லொத்ரெக் போன்ற ஓவியர்களுக்கு மாடலாக நின்ற பெண். நின்றபடியே அவர்கள் வரைவதைப் பார்த்துப் பார்த்துத் தானும் ஓவியரானார். எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை!

மகனோ பள்ளிப் பருவத்திலேயே குடிக்குள் விழுந்துவிட்டான். 20 வயதை ஒட்டி மருத்துவமனை வாசம். டாக்டர்கள் ஏதாவது வேலையில் ஈடுபடுத்தச் சொன்னார்கள். தாய் தனக்குத் தெரிந்த ஒன்றையே கொடுத்தார்: தூரிகையை.

அவர் வரைந்ததெல்லாம் தெருதான். மேடேறும் சந்துகள், மூடிய ஜன்னல்கள், காரை பெயர்ந்த சுவர்கள். மனிதர்கள் மிகக் குறைவு. அவர்களும் பெரும்பாலும் முதுகு காட்டிப் போகிறவர்கள். 1909 முதல் 1914 வரையிலான ஆண்டுகளை ‘வெள்ளைக் காலம்’ என்கிறார்கள். சுவர் சுவராகவே தெரிய வேண்டும் என்று வெள்ளை வண்ணத்தில் சுண்ணச் சாந்தைக் கலந்தார். வெளியே போக முடியாத நாட்களில் பட அஞ்சலட்டைகளைப் பார்த்து வரைந்தார்.

குடி விட்டதா? இல்லீங்க. குடிக்கு ஈடாகப் படங்களைக் கொடுத்திருக்கிறார். ஊரார் ‘லிட்ரில்லோ’ என்று, லிட்டர் கணக்கைச் சொல்லிக் கேலி பேசினார்கள். விழுந்தும் எழுந்தும் வரைந்துகொண்டே இருந்தார். 1928இல் பிரெஞ்சு அரசு ‘லெஜியன் ஆஃப் ஆனர்’ விருது தந்தது. 1938இல் தாய் மறைந்தார். அவர் 1955 நவம்பர் 5 வரை, 71 வயது வரை வாழ்ந்தார். சிரித்த ஊரின் தெருக்களை இன்று உலகம் அவர் படங்களில் பார்க்கிறது.

இப்போ காரணத்தைச் சொல்றேன். எங்க விடுதி அறை நண்பன் ஒருவன் இன்று இந்தக் கூட்டத்தில் இல்லை. நன்றாகப் படம் வரைவான். கல்லூரி நாடகத்துக்குத் திரைச்சீலை எழுதியது அவன்தான். குடி அவனை 38 வயதில் கொண்டு போய்விட்டது. விடுதியில் அவன் தள்ளாடி வரும்போது நாங்க என்ன செஞ்சோம்? “ஜாலியான ஆளுப்பா” என்று சிரித்தோம். கேலிப்பெயரும் வைத்தோம். வைத்தவன் நான்தான். ஒரு நாளாவது “வாடா, ஒரு படம் போடு” என்று பிரஷ்ஷை எடுத்து அவன் கையில் கொடுக்கவில்லை.

கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானா, தெரியாது. உட்ரில்லோவுக்கே முழுசாகக் குணமாகவில்லையே. ஆனால் அந்தத் தாய் கொடுத்துப் பார்த்தார். நாங்கள் அதைக்கூடச் செய்யவில்லை.

தம்பி தங்கைகளே, உங்கள் பக்கத்து அறையிலும் அப்படி ஒருவன் இருக்கலாம். சிரிக்காதீங்க. போய்க் கதவைத் தட்டுங்க.