வழங்கியும் சட்டகமும் கூடும் இடம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கிய விருந்துண்ண வந்த அவையில் கணிப்பொறியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். 1998-ஆம் ஆண்டு மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பெற்ற நாள்முதல் இந்நகரில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் இத்தொழிலை நம்பி வந்தவை பல. நம் பிள்ளைகள் நள்ளிரவிலும் கண்விழித்துச் செய்யும் பணி யாது என்பதைப் பெற்றோர் சிறிதேனும் அறிந்திருத்தல் நன்று. அப்பணியில் ஒரு சிறு கூற்றை, ஆனால் பெருந்தொல்லை தரும் கூற்றை, விளக்க யாம் விரும்புகின்றோம்.

ஓட்டலில் நாம் 'சர்வர்' என்று அழைப்பவர், நம் விருப்பத்தைக் கேட்டுச் சமையலறைக்குச் சொல்லி, ஆக்கியதைக் கொணர்ந்து வைக்கின்றார். வலைவழங்கி, அதாவது 'வெப் சர்வர்', செய்வதும் அதுவே. அப்பாச்சி, டாம்கேட் என்பன அத்தகைய வழங்கிகள். சமையலறையை ஒத்தது 'ஃபிரேம்வொர்க்' எனப்படும் செயலிச் சட்டகம். ஜாங்கோ, ஸ்பிரிங் முதலியன அவ்வினத்தைச் சேர்ந்தவை. வழங்கியை ஒரு சாரார் ஆக்குகின்றனர்; சட்டகத்தை மற்றொரு சாரார் ஆக்குகின்றனர். இருவரும் தத்தம் போக்கில் புதுப் பதிப்புகளை வெளியிட்டவண்ணம் இருக்கின்றனர். சிக்கல் இங்கேதான் பிறக்கின்றது.

திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் ஐதராபாத்துக்கு வந்த நம் முன்னோருள் பெரும்பாலோர், எழும்பூர்வரை மீட்டர் பாதையில் வந்து, மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, சென்ட்ரலில் அகலப் பாதை வண்டி ஏறியவர்கள். செகந்தராபாத்திலும் இருவகைப் பாதைகள் இருந்தன. வண்டியிலும் குறையில்லை, தண்டவாளத்திலும் குறையில்லை. இரண்டும் கூடும் இடத்திலேயே தொல்லை. 1992-இல் ஒரே அகலத் திட்டம் தொடங்கியபின்னரே அத்தொல்லை படிப்படியாகக் குறைந்தது.

வலையுலகிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1993-இல் தோன்றிய சி.ஜி.ஐ. என்னும் முறையில், கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல் புதிதாகத் தொடங்கி, விடையளித்து, முடிந்துபோகும். ஒவ்வொரு காப்பிக்கும் ஒரு சமையற்காரரை அமர்த்தி, காப்பி ஆற்றியதும் வீட்டுக்கு அனுப்புவது போன்ற ஏற்பாடு அது. மெதுவானதுதான். ஆயினும் வழங்கியின் பதிப்பு எதுவாயினும் அம்முறை இயங்கியது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

விரைவு வேண்டிச் சமையற்காரரைச் சர்வரின் உள்ளேயே குடியேற்றினர். பைத்தான் மொழியை அப்பாச்சிக்குள் பதித்த மாட்-பைத்தான் அவ்வகையது. விரைவு கிட்டியது, சுதந்திரம் போயிற்று. அப்பாச்சி 1.3-க்கு மாட்-பைத்தான் 2.7 வேண்டும், 2002-இல் வந்த அப்பாச்சி 2.0-க்கோ மாட்-பைத்தான் 3 வேண்டும். 2005-இல் 2.2 வந்தபோது, 2.0-க்கெனத் தொகுத்த கூறுகளை மீண்டும் தொகுக்க வேண்டியதாயிற்று. அப்பாச்சி தன்னுள் ஓர் அடையாள எண்ணை வைத்திருக்கின்றது. கூறு கொண்டுவரும் எண் அதனோடு ஒவ்வாவிடின் உள்ளே விட மறுத்துவிடும். அம்மறுப்பை நோவோர் உளர். எம்மைக் கேட்டால், நடுவழியில் கவிழ்வதைக் காட்டிலும் வாயிலிலேயே தடுக்கப்படுதல் மேல் என்போம்.

2003 டிசம்பரில் பிலிப் ஈபி என்பார் பைத்தான் உலகுக்கு 'விஸ்கி' என்னும் உடன்படிக்கையை முன்வைத்தார். (பெயரைக் கேட்டு அவையோர் நகைக்க வேண்டா, மதுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) சட்டகம் இவ்வுடன்படிக்கையை மட்டும் அறிந்தாற் போதும், வழங்கியின் பதிப்பை அறிய வேண்டுவதில்லை. 2007-இல் கிரஹாம் டம்பிள்டன் வெளியிட்ட மாட்-விஸ்கி, அப்பாச்சியின் பதிப்பு வேறுபாடுகளையெல்லாம் தன் தோள்மேல் ஏற்றுக்கொண்டது. ஜாங்கோவில் எழுதியோர் நிம்மதியாக உறங்கினர்.

ஆனால் உடன்படிக்கையே மாறினால் என் செய்வது? ஜாவா உலகில் அதுவும் நேர்ந்தது. ஆரக்கிள் நிறுவனம் தன் பொறுப்பிலிருந்த ஜாவா ஈஈ தொகுதியை எக்ளிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க 2017-இல் முன்வந்தது. வணிகப் பெயர் பற்றிய பேச்சில் உடன்பாடு ஏற்படாமையால், 'ஜாவாக்ஸ்' எனத் தொடங்கும் பெயர்களைத் திருத்திப் பயன்படுத்த இயலாது என 2019-இல் அறிவிக்கப்பெற்றது. 2020-இல் அப்பெயர்கள் 'ஜகார்த்தா' என மாறின. அதன்வழி டாம்கேட் 10 புதுப் பெயரை மட்டுமே அறியும். டாம்கேட் 9 பழம் பெயரை மட்டுமே அறியும். 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் 6 புதுப் பெயரையே ஏற்றதோடு, ஜாவா 17-ஐயும் வேண்டியது. ஆகவே ஸ்பிரிங் 5 டாம்கேட் 10-இல் ஓடாது. ஸ்பிரிங் 6 டாம்கேட் 9-இல் ஓடாது. இதில் ஒரு வஞ்சகம் உண்டு. பழைய செயலியைப் புது டாம்கேட்டில் இட்டால் பல வேளைகளில் பிழையொன்றும் காட்டாது அமைதியாகத் தொடங்கும். பக்கத்தைத் திறந்தாலோ '404, காணப்படவில்லை' என்னும். இளைஞர் பலர் இரவு முழுதும் தேடுவது இதனைத்தான்!

மாறாமலே இருந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். 2017 மார்ச்சில் ஸ்டிரட்ஸ் என்னும் சட்டகத்தில் கண்ட ஓட்டைக்குத் திருத்தம் வெளியாயிற்று. அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனம் அதனை இடாது விட்டது, ஏறத்தாழ 14.7 கோடி மக்களின் அந்தரங்க விவரங்கள் களவு போயின. டாம்கேட் 8.5-க்குரிய ஆதரவு 2024 மார்ச் 31-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அதன்மேல் இன்றும் ஓடும் செயலிகளைக் காப்பார் யார்?

இந்நகரில் 2001-இல் ஈ-சேவா மையங்களும், 2011-இல் மீ-சேவாவும் வந்தன. மின்கட்டணமும் பிறப்புச் சான்றும் வலைவழியே நடைபெறும் காலம் இது. வழங்கிக்கும் சட்டகத்துக்கும் இடையிலுள்ள கணு ஒருநாள் அறுந்தால், சாளரத்தின் முன் காத்து நிற்போர் பொறியாளர் அல்லர். முதியோரும் கைக்குழந்தையோடு வந்த தாய்மாருமே.

ஆதலின், பழையதை ஒரே இரவில் பிடுங்கிப் புதியதை நடுவதை யாம் ஒப்புவதில்லை. முன்னே ஒரு வழங்கியைக் காவலாக நிறுத்தி, பின்னே டாம்கேட் 9-ஐயும் 10-ஐயும் அருகருகே ஓடவிடலாம். காவல் வழங்கி இரண்டோடும் உலகப் பொதுவான எச்.டி.டி.பி. மொழியிலேயே பேசும், பின்னிருப்பது எந்தப் பதிப்பு என்பது அதற்கு ஒரு பொருட்டன்று. பழைய சி.ஜி.ஐ. தந்த சுதந்திரம், விரைவை இழக்காமல் மீண்டும் கைவந்ததென்றே இதனைக் கொள்ளலாம். மக்களுள் ஒரு சிலரைப் புதிய பாதையில் விட்டுப் பார்த்து, தவறு நேரின் பழையதற்கே திருப்பிவிடவும் இயலும்.

பெயர்களை மாற்றிட டாம்கேட் குழுவினரே ஒரு கருவியைத் தந்துள்ளனர். டாம்கேட் 10-இல் 'வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ' என்னும் அடைவில் பழைய செயலியை வைத்தால் அதுவே பெயர்களை மாற்றிக்கொள்ளும். மூலநிரலைத் திருத்த நேரமில்லாதார்க்கு இது கைகொடுக்கும். எனினும் செயலி சார்ந்திருக்கும் பிற நூலகங்களையும் ஒன்றுவிடாமல் சோதித்த பின்னரே மக்களிடம் விடவேண்டும்.

இப்பணியில் இன்று இறங்கியிருக்கும் நம் இளைஞர் முதற்கண் செய்யத்தக்கது, தம் நிறுவனத்தில் எந்தச் செயலி எந்த வழங்கியின் எந்தப் பதிப்பில் ஓடுகின்றது என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவதே. வேலை மாறிச் செல்வோர் அத்தாளைப் பின்வருவோர்க்கு விட்டுச் செல்வார்களாக.