திரும்ப முடியாத வழி

 

ஓர் அலுவலகத்தில் யார் பணிபுரிகிறார், எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்று சொல்லும் பதிவேடுதான் டைரக்டரி. அதில் என்னென்ன பத்திகள் இருக்கலாம், எதில் என்ன எழுதலாம் என்ற விதிதான் ஸ்கீமா. பெயர் தவறாக ஏறிவிட்டால் திருத்திக்கொள்ளலாம். விதியே தவறாக ஏறிவிட்டால்? விண்டோஸின் டைரக்டரியான ஆக்டிவ் டைரக்டரியில் ஒருமுறை சேர்த்த அட்ரிபியூட்டை, அதாவது பத்தியை, அழிக்க முடியாது. முடக்கி வைக்கலாம், அவ்வளவுதான். பழைய நிலை வேண்டுமென்றால் ஃபாரஸ்ட்டை, அதாவது ஒரே ஸ்கீமாவைப் பகிரும் டைரக்டரித் தொகுப்பு முழுவதையுமே பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டும்.

பழைய பாடம் ஒன்று. மின்னஞ்சல் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் 2000, ஆக்டிவ் டைரக்டரியில் தன் தேவைக்காக ‘செக்ரட்டரி’, ‘லேபிள்ட்-யூஆர்ஐ’, ‘ஹவுஸ்-ஐடென்டிஃபையர்’ என்ற பெயர்களில் மூன்று அட்ரிபியூட்டுகளைச் சேர்த்தது. பின்னர் வந்த விண்டோஸ் சர்வர் 2003, பொதுத்தரத்தை ஒட்டி அதே பெயர்களைக் கொண்டுவந்தது. இரண்டும் மோதின. முன்கூட்டியே சரிசெய்யாமல், ஸ்கீமாவைப் புதுப்பிக்கும் அட்பிரெப் என்ற ஆணையை ஓட்டிய இடங்களில், ‘டூப்’ என்ற முன்னொட்டும் நீண்ட எண் வாலுமாகப் பெயர்கள் சிதைந்தன. திருத்தத்தை எழுதிய ஒரு சிறிய எல்டிஃப் கோப்பை முதலில் ஓட்டியிருந்தால் போதும். இரண்டு மென்பொருளும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்புகள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

விண்டோஸ் சர்வர் 2012 முதல், டைரக்டரியைத் தாங்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரைப் புதிதாக நிறுவும்போது தேவைப்பட்டால் அட்பிரெப் தானாகவே ஓடுகிறது. ஆணையை ஓட்டுவது இன்று பெரிய வேலையே இல்லை. ஓட்டும் நேரமும் வரிசையும்தான் சிக்கல். புதிய அட்ரிபியூட்டைச் சேர்த்த கையோடு அதை ஒரு கிளாஸில், அதாவது ஒரு பதிவு வகையில், இணைக்கப் பாருங்கள். அப்படி ஒன்று இல்லை என்று சர்வர் கைவிரிக்கும். நினைவகத்தில் உள்ள ஸ்கீமா புதுப்பிக்கப்பட ஏறத்தாழ 5 நிமிடம் ஆகும். காத்திருக்காமலிருக்க, மாற்றத்தைச் செய்யும் ஸ்கிரிப்ட்டே ‘இப்போதே புதுப்பி’ என்று கேட்க வேண்டும். மற்றொரு டைரக்டரி மென்பொருளான ஓப்பன் எல்டாப்பில் சர்வரை நிறுத்தாமலே ஸ்கீமாவைச் சேர்க்கலாம். ஆனால் ஆட்களின் விவரங்களைப் பிரதியெடுக்கும் ஏற்பாடு ஸ்கீமாவையும் சுமந்து செல்லாது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். ஐந்து சர்வர்களில் ஒன்று விடுபட்டால், அங்கே புதிய பதிவுகள் ஏறாமல் நிற்கும்.

இன்னொரு சிக்கல். ஆக்டிவ் டைரக்டரியில் ஸ்கீமாவை மாற்றும் உரிமையுள்ள ஸ்கீமா அட்மின்ஸ் குழுவில், மாற்றம் செய்யும் நேரம் தவிர யாரும் இருக்கக் கூடாது என்பது நல்ல நடைமுறை. ஸ்கீமாவைத் தானாக மாற்றும் கருவிக்கு நிரந்தர உரிமை கொடுத்தால், அந்தப் பூட்டைக் கழற்றி வைத்தது போலாகும்.

இத்தகைய கருவிகளைப் பற்றி இக்கருத்தரங்கில் கட்டுரை படிக்க வந்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கருவி எத்தனை வேகமாக ஸ்கீமாவை மாற்றும் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள். அட்ரிபியூட்டின் பெயரோ அடையாள எண்ணோ மோதினால், ஒரு சர்வர் பதில் தராவிட்டால், அதே ஸ்கிரிப்ட் இரண்டாம் முறை ஓடினால், அது எங்கே நிற்கும் என்பதை முதலில் சொல்லுங்கள். நிற்கத் தெரியாத கருவியிடம் இந்த வேலையை ஒப்படைக்கலாகாது.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.