எத்தனை மணிக்கு அணைப்பது?



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, வியாசர்பாடியில் வீடு மந்திரிக்கச் சென்றிருந்தோம். ஒரே அறை உள்ள வீடு. துறைமுகத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்த தந்தை, போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தார். அவர் காலடியில் மகன் கைப்பேசியில் விளையாடிக் கொண்டிருந்தான். மூலையில் பாட்டிக்கு டிவி தொடர். தாய் நம்மிடம் கேட்டார்: "ஃபாதர், இந்த போனைப் புடுங்கி வச்சிடட்டுமா? நீங்களே சொல்லுங்க."

உடனே பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. பள்ளியின் வீட்டுப்பாடம் அந்தக் கைப்பேசியில்தான் வருகிறது. துபாயில் இருக்கும் சித்தப்பாவின் முகத்தை அதில்தான் பார்க்கிறார்கள். 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, "கடன்பட்டாவது ஒரு போன் வாங்கிக் கொடுங்கள்" என்று சொன்னவர்கள் நாமேதான்.

மகாராஷ்டிராவில் சாங்லி மாவட்டத்து மோகித்யாஞ்சே வட்காவ் கிராமத்தைப் பற்றிச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். 2022 ஆகஸ்டில் ஊர்க்கூட்டம் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து சங்கு ஒலிக்கும், 8.30 வரை டிவியும் கைப்பேசியும் அணைந்திருக்கும். பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். நல்ல ஏற்பாடு. நம் ஆலய மணியையும் அப்படி அடிக்கலாமே என்று நமக்கும் ஆசை வந்தது. ஆனால் 7 மணிக்கு நம் தாய்மார்களில் பலர் ஜீவா ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கியே இருக்கமாட்டார்கள். அம்மா இல்லாத வீட்டில் மணி அடித்து யாருக்குப் பயன்?

திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், 1994ஆம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு நாள் செய்தியைத் தொலைக்காட்சியும் குடும்பமும் பற்றியே எழுதினார். கைப்பேசி வருமுன் எழுதியது, இன்றும் பொருந்துகிறது. அவர் கடிகார நேரம் எதுவும் குறிக்கவில்லை. எப்போது அணைப்பது என்பதற்கு மூன்று காரணங்களைச் சொன்னார்: அதைவிட நல்ல வேலை இருக்கும்போது; வீட்டிலுள்ள மற்றவருக்காக; கண்டதையெல்லாம் பார்ப்பது கேடு என்பதால்.

மூன்றாவதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம். நமக்கோ இரண்டாவதுதான் உறைத்தது. போர்வைக்குள் கிடந்த அந்தத் தந்தை தூங்கவில்லை. இரவெல்லாம் விழித்துச் சம்பாதிப்பவர், சொந்த வீட்டில் சத்தத்தை நிறுத்தச் சொல்லவும் கூச்சப்பட்டுப் படுத்திருந்தார். உண்ணக்கூட நேரமின்றி இருந்த சீடர்களைத் தனியிடத்துக்கு அழைத்துப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார் ஆண்டவர். ஒரே அறை வீட்டில் தனியிடத்துக்கு எங்கே போவது? டிவியை அணைத்தால்தான் தனியிடம்.

தாயையும் நாம் குறை சொல்லவில்லை. அடுப்பு எரியும்போது சின்னப்பிள்ளை அதன் பக்கம் போகாமலிருக்கப் போனைக் கொடுப்பது நமக்குத் தெரியும். ஆனால் 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரம் போதும், அதற்கும் குறைவானால் நல்லது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதை நினைவில் வையுங்கள்.

அன்று அந்தக் குடும்பமே உட்கார்ந்து பேசியது. அப்பா தூங்கும் பகல் 12 மணிவரை வீட்டில் டிவி கிடையாது. பாட்டியின் தொடர் 9 மணிக்கு முடிந்துவிடும். அதன்பின், அப்பா ஷிப்டுக்குக் கிளம்பும் 9.45 வரை எல்லாப் போனும் அரிசி டிரம்மின் மேல். அந்த நேரத்தில் சாப்பாடும் குடும்ப செபமும். துபாய் அழைப்பு வந்தால் மட்டும் எடுக்கலாம்.

வரும் வாரம் ஒவ்வொரு அன்பியத்திலும் இதைப் பேசுங்கள். அவரவர் வீட்டுக்கான நேரத்தை அவரவரே குறியுங்கள். பிள்ளைகளையும் கேட்டுக் குறியுங்கள்.

அந்த வீட்டுக்கு மீண்டும் போயிருந்தோம். பையன் நம்மிடம் ஒரு புகார் வைத்திருந்தான்: "ஃபாதர், மொத நாளே 9.10க்கு டிரம் மேல இருந்து போனை எடுத்தது அப்பாதான்!"