அணுக்களைக் குளிர்வித்து அணிவகுத்தல்
(உரையின் வாசகம்)

உலோகத்தை உலையில் காய்ச்சி, அதன் ஆவியைச் சிறு துளை வழியே வெற்றிடத்தினுள் விட்டால், அணுக்கள் கற்றையாகப் பாயும். ஆனால் அக்கற்றை ஒழுங்கற்றது. சோடியமாயின், அணுக்கள் நொடிக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் வேகத்தில் விரைகின்றன. அவற்றின் தற்சுழற்சியும் பல திசைகளில் சிதறிக் கிடக்கிறது. அளக்க முற்படுவோருக்கு இவ்விரண்டும் இடையூறுகளே. அணு கருவியைக் கடந்து போகும் நேரம் குறையக் குறைய, அளவீட்டின் நுட்பமும் குறையும்.

தற்சுழற்சிப்படி பிரிப்பதே முதலில் கைகூடியது. 1922ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் நகரில் ஸ்டெர்ன், கெர்லாக் ஆகிய இருவரும் வெள்ளி அணுக்கற்றையைச் சீரற்ற காந்தப்புலத்தின் ஊடே செலுத்தி, அது இரண்டாகப் பிளவுபடக் கண்டனர். தற்சுழற்சி என்ற கருத்தே 1925இல்தான் தோன்றியது என்பது கவனிக்கத்தக்கது. ஜெர்மனியைப் பணவீக்கம் வாட்டிய காலம் அது. ஆய்வுச் செலவுக்காக மாக்ஸ் போர்ன் சார்பியல் கொள்கை பற்றிக் கட்டணச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அமெரிக்க வங்கியாளர் ஹென்றி கோல்ட்மன் பொருளுதவி செய்தார். இதனால் விளையும் பயன் யாதென எந்த நிதிக்குழுவேனும் வினவியிருந்தால், அவர்களால் விடை கூறியிருக்க இயலாது.

குளிர்வித்தலுக்கு லேசர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கற்றைக்கு எதிரே லேசர் ஒளியைப் பாய்ச்சினால், ஒளித்துகள் ஒவ்வொன்றும் சோடியம் அணுவின் வேகத்தை நொடிக்குச் சுமார் 3 சென்டிமீட்டர் அளவே குறைக்கும். அணுவை நிறுத்த முப்பதாயிரம் மோதல்களேனும் வேண்டும். வேகம் குறையும்போதோ, அணு ஏற்கும் ஒளியின் அலைவெண் மாறிவிடுகிறது. சில நூறு மோதல்களிலேயே அணு ஒளியை ஏற்க மறுக்கும். அமெரிக்கத் தர நிர்ணயக் கழகத்தில் வில்லியம் பிலிப்சும் ஹெரால்ட் மெட்காஃபும் 1982இல் இதற்கு வழி கண்டனர். குழாய் நெடுகிலும் காந்தப்புலத்தின் வலிமையைப் படிப்படியாக மாற்றி, அணுவை ஒளியோடு இசைந்திருக்கச் செய்தனர். இம்முறையில் வட்ட முனைவாக்கம் பெற்ற ஒளியே பயன்படுகிறது. அந்த ஒளி அணுக்களைத் தடுப்பதோடு நில்லாமல், அவற்றை ஒரே தற்சுழற்சி நிலைக்கும் தள்ளிவிடுகிறது. குளிர்வித்தலும் அணிவகுத்தலும் ஒரே செயலில் முடிகின்றன; சிக்கனம் நாடுவோர் வியக்கத்தக்க ஏற்பாடு! பிலிப்சு 1997இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார்.

காலக் கணிப்பில் இதன் பயன் கண்கூடு. சீசியம் அணுவின் 9,19,26,31,770 அதிர்வுகளே ஒரு நொடி என 1967இல் வரையறுக்கப்பட்டது. பழைய சீசியம் கடிகாரங்களில் சூடான கற்றை ஒரு மீட்டரைச் சில மில்லிநொடிகளில் கடந்துவிடும். குளிர்ந்த அணுக்களை மேல்நோக்கி எறிந்து விழச்செய்யும் ‘நீரூற்று’ கடிகாரத்தில் அரை நொடிக்கு மேலும் அவகாசம் கிடைக்கிறது. இந்திய நேரத்தைப் பேணும் புதுடில்லி தேசிய இயற்பியல் ஆய்வகமும் இவ்வகைக் கடிகாரத்தை உருவாக்கியுள்ளது.

இது ஆய்வுக்கூடப் பெருமைக்காக மட்டுமன்று. 2013இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1ஏ செயற்கைக்கோளில், அயல்நாட்டிலிருந்து வாங்கிய மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் பழுதாயின. இடங்காட்டும் பணிக்கு அக்கோள் பயன்படாது போயிற்று. ரூபிடியம் கடிகாரம் ஆவிக்கலத்தில் இயங்குவது, கற்றையில் அன்று. எனினும் ஒளியால் அணுநிலையைத் தேர்ந்தெடுக்கும் அடிப்படை இரண்டிற்கும் பொதுவானது. உள்நாட்டு ரூபிடியம் கடிகாரம் 2023 மே 29இல் என்.வி.எஸ்-01 கோளில் விண்ணேறியது.

அவ்வாண்டு ஏப்ரலில் ரூ.6,003.65 கோடியில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அணுக்கடிகாரங்களும் அதன் இலக்குகளுள் அடங்கும். 2030-31 வரை நீளும் இத்திட்டத்தில், வெற்றிடக் கலமும் லேசரும் வாங்குவதோடு, அவற்றைப் பல்லாண்டு இயக்கிப் பழகிய தொழில்நுட்பாளரை நிலைநிறுத்தவும் நிதி ஒதுக்கப்பட வேண்டும்.