படப்பிடிப்புக்கு முன்



விழா மலருக்காக நம் மாணவர்கள் கண்டிப்பேட்டை ஏரிப்பக்கம் சென்று படமெடுக்க விழைகின்றனர். மகிழ்ச்சியே. எனினும் 2014 ஜூன் 8ஆம் நாளை நாம் நினையாதிருத்தல் இயலாது. நம் குகட்பள்ளிக்கு அண்மையில், பாச்சுபள்ளியிலுள்ள வி.என்.ஆர். விஞ்ஞான ஜோதி கல்லூரியினின்று இமாசலப் பிரதேசம் சென்ற மாணவர்கள், பியாஸ் ஆற்றில் இறங்கிப் பாறைகள்மீது நின்று படமெடுத்துக்கொண்டிருந்தனர். மேலேயுள்ள லார்ஜி அணையினின்று திறந்த நீர் திடீரெனப் பெருகிற்று. 24 மாணவ மாணவியரும், உடன் சென்ற சுற்றுலாப் பொறுப்பாளர் ஒருவரும் மாண்டனர். 2016இல் உயர்நீதிமன்றம் மாணவர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 20 இலட்சம் ரூபாய் வழங்கப் பணித்தது. எத்தொகை எம்மகவுக்கு ஈடாகும்?

அவ்விளைஞர் கண்டது நீர் குறைந்த ஆறு. அணைக்குக் கீழுள்ள ஆறு வானத்தைப் பார்த்துப் பெருகுவதில்லை. மதகைப் பார்த்துப் பெருகுவது. மழையின்றியும் வெள்ளம் வரும். 1908 மூசி வெள்ளத்தின் பயனாய் எழுந்த நம் கண்டிப்பேட்டைக்கும் மதகுகள் உண்டு.

ஆதலின் பெரியவர் இருவர் முந்திய நாளே சென்று இடத்தைப் பார்த்து, மதகுச் செய்தியையும் கேட்டு வருவர். படுகையில் எவரும் இறங்கலாகாது, படம் மேட்டில்தான். கேமராவில் கண் வைத்தவன் காலடியை நோக்கான்; பின்வாங்கிக்கொண்டே போவான். (எல்லாப் படக்காரர்க்கும் உள்ள வழக்கந்தானே!) அவன் பின்னே, படமெடுக்காத ஒருவர் நிற்றல் வேண்டும். தலையெண்ணி வண்டியேற்றுவோம், திரும்புகையிலும் எண்ணுவோம். அன்று மழை பெய்தால் நம் காலனி மாடிப்படியே போதும். மலரில் தெரியவேண்டியது பிள்ளைகளின் முகந்தானே!