சமூகக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு



எஸ்.பி.எம். தேர்வு முடிவு வரும் நாளில் பத்தாங் காலி வட்டாரத் தோட்டங்களில் இரண்டு விதமான வீடுகளைப் பார்க்கிறோம். ஒரு வீட்டில் அக்கம்பக்கத்தாருக்கு இனிப்பு வழங்குவார்கள். இன்னொரு வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "இரண்டு பாடத்தில்தான் கிரெடிட். இனி என்ன படிப்பு? தொழிற்சாலைக்குப் போகட்டும்" என்று தகப்பனார் முடிவு சொல்லிவிடுவார். அந்த வீட்டாரோடுதான் இன்று பேச விரும்புகிறோம்.

ஆறாம் படிவம், மெட்ரிகுலேசன் ஆகியவை நேர்வழிகள். அவற்றில் இடம் கிடைத்த பிள்ளைகளைப் பற்றி நமக்குக் கவலையில்லை. மற்றப் பிள்ளைகளுக்காக 2001-ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் சமூகக் கல்லூரிகளை நடத்தி வருகிறது. நம் உலு சிலாங்கூருக்கும் ஒன்று உண்டு, சபாக் பெர்ணத்துக்கும் ஒன்று உண்டு. ஒரே பாடத்தில் கிரெடிட் வாங்கிய பிள்ளையும் சான்றிதழ்ப் படிப்பில் சேரலாம். எஸ்.பி.எம். முடித்து நேரே டிப்ளோமாவுக்குப் போக மூன்று கிரெடிட் வேண்டும். சான்றிதழ்ப் படிப்பை நன்றாக முடித்த பிள்ளைக்கோ அந்தச் சான்றிதழே டிப்ளோமாவுக்கு நுழைவுச் சீட்டாகிறது. சபாக் பெர்ணத்தில் சுல்தான் இட்ரிஸ் ஷா பொலிடெக்னிக் இருக்கிறது. அங்கே டிப்ளோமா முடித்தவர்கள் பத்து பகாட்டிலுள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்துக்கும், மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

இது புதுமையான ஏற்பாடு அன்று. அமெரிக்காவில் ஜோலியட் என்னும் ஊரில் 1901-இலேயே இப்படி ஒரு கல்லூரி தொடங்கிவிட்டார்கள். அங்கே இரண்டாண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேரலாம். தமிழ்நாட்டில் பொறியியல் டிப்ளோமா முடித்தவர்கள் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேருகிறார்கள். நம் நாட்டில் அவ்வளவு சலுகை எதிர்பார்க்கக் கூடாது. சான்றிதழுக்குப் படித்த காலம் பட்டப் படிப்பில் கழியாது. டிப்ளோமாவில் படித்த சில பாடங்களைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளலாம். பாடப்பொருள் பெரும்பாலும் ஒத்திருக்க வேண்டும், தேர்ச்சியும் 'சி' தரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆகவே நேர்வழியில் போகிறவரைவிடச் சில ஆண்டுகள் கூடுதலாகும். வீட்டில் ஒரு சம்பளம் குறைவாக இருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய காரியமல்ல. இதை உங்களிடம் மறைத்துப் பேசுவது சரியாகாது.

பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் துறையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான். தோழி சேர்ந்தாள் என்பதற்காகக் கேக், ரொட்டி செய்யும் படிப்பில் சேர்ந்துவிட்டு, பிறகு மின்னியல் டிப்ளோமா கேட்டால் யார் கொடுப்பார்கள்? கேக் செய்வதும் நல்ல தொழில்தான், குறை சொல்லவில்லை. எந்தப் பட்டத்துக்குப் போக எண்ணமோ, அதற்கு எந்த டிப்ளோமா, அந்த டிப்ளோமாவுக்கு எந்தச் சான்றிதழ் என்று மேலிருந்து கீழே கேட்டுக்கொண்டு வரவேண்டும். முதல் பருவத்து மதிப்பெண்ணும் கணக்கில் சேரும். சராசரிப் புள்ளி 2.00 இருந்தால் அடிப்படைத் தகுதி உண்டு என்றாலும், பல்கலைக்கழகங்கள் அதற்கு மேலேயே கேட்கின்றன.

மலாய் மொழியிலோ வரலாற்றிலோ தவறிய பிள்ளைக்கு எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது. அந்தப் பாடங்களை மறுதேர்வாக எழுதலாம். இதை அறியாமலே வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள்.

வீடு தேடி வந்து அழகான புத்தகத்தைக் காட்டும் தனியார் கல்லூரி முகவர்களிடம் பணம் கட்டுமுன், அந்தப் படிப்புக்கு மலேசியத் தகுதி நிறுவனத்தின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லாவிட்டால் மேலே போகும் வழி அங்கேயே அடைபட்டுவிடும். டிப்ளோமாவுக்கும் பட்டத்துக்கும் பி.டி.பி.டி.என். கடன் உண்டு. பெண் பிள்ளையைச் சபாக் பெர்ணம் வரை அனுப்புவதா என்று தயங்கும் தாய்மார்கள், விடுதி வசதியை முன்கூட்டியே கேட்டறிந்து கொள்ளட்டும்.

விண்ணப்பங்கள் யூ.பி.யூ. என்னும் பொது முறையில் இணையம் வழியாகப் போகின்றன. கெடு நாள் தவறினால் அடுத்த சேர்க்கை வரை காத்திருக்க நேரும். முடிவுத்தாளை எடுத்துக்கொண்டு இடைநிலைப் பள்ளியின் ஆலோசனை ஆசிரியரைப் பாருங்கள். தோட்டப் பள்ளியில் எங்களிடம் வந்தாலும் சரி. ஆறாம் ஆண்டோடு போய்விட்ட பிள்ளைதானே என்று நாங்கள் கணக்குப் பார்ப்பதில்லை.