விழுந்ததைச் சொல்லுவோம், எழுதி வைப்போம்

(வீட்டில் குழந்தை பராமரிப்பு செய்யும் உறுப்பினர்களுக்காக, கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



வாரத்தில் கிடைக்கிற ஒரே லீவு நாளில், துணி துவைக்கிறதையும் தண்ணி பிடிக்கிறதையும் விட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம ஊரில் கம்பெனி காலை எட்டரைக்கு ஆரம்பிக்கும். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் வீடு திரும்ப இரவு ஒன்பது ஆகிவிடும். அந்த நேரம் வரைக்கும் அங்கன்வாடி இருக்காது. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. 50 பேர் வேலை செய்கிற நிறுவனத்தில் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் பீஸ் ரேட்டில் சின்ன யூனிட்டில் தைக்கிற தாய்க்கும், வாரம் ஒரு கம்பெனி மாறுகிற தாய்க்கும் இதெல்லாம் எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது. அவர்கள் நம்பி வருவது லைன் வீட்டில் இருக்கிற உங்களிடம்தான். "அக்கா, புள்ளைய பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஓடுகிறார்கள்.

ஐந்தாறு குழந்தைகள் ஒரு வீட்டில் இருந்தால் விழத்தான் செய்யும். கடிக்கும், கீறும், எதையாவது வாயில் போடும். அதை யாராலும் முழுசாகத் தடுக்க முடியாது. நடந்த பிறகு நாம் என்ன சொல்கிறோம், என்ன எழுதுகிறோம் என்பதுதான் இன்றைய பேச்சு.

உடைந்த ஊசிக்கு ஒரு நோட்டு

இங்கே பாதிப் பேர் கம்பெனியில் தைத்தவர்கள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஊசி உடைந்தால் என்ன செய்வார்கள்? எல்லாத் துண்டும் கிடைக்கிற வரைக்கும் தேட வேண்டும். தேதி, நேரம், மெஷின் நம்பர் எழுதி, துண்டுகளை நோட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்துத் துணியெல்லாம் தனியாக எடுத்துச் சோதிப்பார்கள். எதற்கு? எங்கோ ஒரு தேசத்தில் அந்தச் சட்டையைப் போடுகிற குழந்தைக்குக் குத்திவிடக் கூடாது என்பதற்காக. ஊசி உடைத்தவரைத் திட்டுவதற்காக அந்த நோட்டு போடவில்லை.

முகம் தெரியாத குழந்தைக்கு நாம் இவ்வளவு செய்கிறோம். நம் கையில் சோறு தின்கிற குழந்தை விழுந்தால் ஒரு வரி எழுதக் கூடாதா?

இங்கிலாந்தில் வீட்டில் வைத்துக் குழந்தை பார்ப்பவர்களுக்கு இது சட்டம். குழந்தைக்கு அடிபட்டால் அன்றைக்கே, அல்லது முடிந்த அளவு சீக்கிரமாகப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். என்ன முதலுதவி செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். எழுதியும் வைக்க வேண்டும். அங்கே அரசாங்கம் சொல்லிச் செய்கிறார்கள். நாம் நம் கூட்டமைப்பு மூலமாகச் செய்யலாம்.

ஒரே வாந்தி, இரண்டு அர்த்தம்

"சின்ன அடிதானுங்க, சொன்னா அந்தப் புள்ள பயந்துக்கும்" என்று நினைக்கிறோம். ஒன்று யோசித்துப் பாருங்கள். மதியம் மூன்று மணிக்கு இரண்டு வயசுப் பையன் வாசப்படியில் தடுக்கிப் பின்னந்தலை அடிபட விழுகிறான். அழுகிறான், அப்புறம் விளையாடப் போகிறான். இரவு அம்மா வந்து தூக்கிக்கொண்டு போகிறாள். நாம் எதுவும் சொல்லவில்லை. பத்து மணிக்குப் பையன் வாந்தி எடுக்கிறான். அம்மா என்ன நினைப்பாள்? "எதுவோ சேரலை" என்று ஓமத் தண்ணி கொடுப்பாள். மறுபடி எடுத்துவிட்டு அசந்து தூங்கினால், "தூங்கட்டும்" என்று விடுவாள். தலையில் அடிபட்டது தெரிந்திருந்தால் அதே வாந்திக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாள்.

தலையில் அடிபட்ட குழந்தையை ஒரு நாளாவது கவனித்துப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் சரியாக எழாமல் மயங்குவது, வலிப்பு, காது மூக்கில் ரத்தமோ தண்ணியோ வருவது, நடை தள்ளாடுவது, விடாத அழுகை, இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. குழந்தை நம்மிடம் இருப்பது பகலில்தான். ராத்திரி பார்க்க வேண்டியவள் அம்மா. அவளுக்குத் தெரியாமல் எப்படிப் பார்ப்பாள்?

நாய், பூனை, குரங்கு விஷயமும் அப்படியே. "பல்லு படலை, நகக் கீறல்தான்" என்று மஞ்சள் வைத்து விட்டுவிடக் கூடாது. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணியில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். வெறிநாய்க்கடி நோய் முற்றி வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். நாம் மறைக்கிற ஒரு கீறல் ஒரு உயிராகப் போய்விடலாம்.

எதற்கு உடனே போன், எதற்கு மாலையில்

தலையில் அடி, தீக்காயம், சுடுதண்ணி, நாய்க்கடி, பாம்பு தேள், வலிப்பு, மூச்சுத் திணறல், மண்ணெண்ணெய் மாதிரி எதையாவது குடித்தது, பட்டனோ பேட்டரியோ விழுங்கியது, தண்ணித் தொட்டியில் விழுந்தது, எலும்பு முறிவு மாதிரி வீக்கம், நிற்காத ரத்தம், குழந்தை கண்ணில் படாமல் வெளியே போய்விட்டது: இதற்கெல்லாம் அந்த நிமிஷமே சொல்ல வேண்டும். முழங்கால் சிராய்ப்பு, சின்னக் கடி, கொசுக்கடித் தடிப்பு இதெல்லாம் அழைத்துப் போக வரும்போது சொன்னால் போதும். ஆனால் சொல்லாமல் விடக் கூடாது.

உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் 108, அதற்கு அப்புறம்தான் அம்மா. லைனில் போனைக் கையில் வைத்திருக்க நிறையக் கம்பெனிகள் விடுவதில்லை. அதனால் குழந்தையைச் சேர்க்கும்போதே கம்பெனி ஆபீஸ் நம்பர், சூப்பர்வைசர் நம்பர், சொந்தக்காரர் ஒருவர் நம்பர், மூன்றையும் வாங்கிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். "அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம்" என்று அன்றைக்கே கையெழுத்தும் வாங்குங்கள். வலிப்பு உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்காதா என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

முதலுதவியில் இரண்டு மட்டும் சொல்கிறேன். தீக்காயத்துக்கு 20 நிமிஷம் சாதாரணத் தண்ணி. குழாயில் வரவில்லை என்றால் சொம்பில் மொண்டு மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். பற்பசை, இங்க், மாவு எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய், ஆசிட், துணியில் கறை எடுக்கிற திரவம் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்தப் பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.

எப்படிச் சொல்வது

முதலில் குழந்தை இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். பிறகு நடந்தது. பிறகு நாம் செய்தது. கடைசியில் அவர்கள் கவனிக்க வேண்டியது. இப்படி:

"அம்மிணி, பையன் நல்லா விளையாடிட்டு இருக்கான், பயப்படாதீங்க. மதியம் மூணு மணிக்கு வாசப்படியில விழுந்து பின்னந்தலையில அடிபட்டுருச்சு. வீங்கி இருக்குது. ஈரத்துணி வச்சேன். வாந்தி இல்லை, சோறு சாப்பிட்டான். ராத்திரி வாந்தி எடுத்தாலோ, எழுப்பி எழலைனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க, எனக்கும் போன் பண்ணுங்க."

வாசலில் நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள். பெரிய குழந்தையிடம் சொல்லி அனுப்பாதீர்கள். அப்பாவோ பாட்டியோ அழைத்துப் போனால் சீட்டைக் கொடுத்துவிட்டு, அம்மாவுக்கும் ஒரு போன் போடுங்கள். ஒடிசா, பீகார் பக்கமிருந்து வந்த குடும்பம் என்றால், தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்கள். அது புரிந்ததற்கு அடையாளம் இல்லை. இந்தி தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அடிபட்ட இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள்.

எப்படி எழுதுவது

குழுவில் தீர்மானப் புத்தகம் எழுதிப் பழகியவர்கள் நீங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுவது உங்களுக்குப் புதுசு இல்லை. குழந்தை பெயர், தேதி, நேரம், இடம், என்ன செய்துகொண்டிருந்தது, யார் பார்த்தது, உடம்பில் எங்கே என்ன தெரிகிறது, என்ன முதலுதவி, யாருக்கு எத்தனை மணிக்குச் சொன்னோம், இரண்டு பேர் கையெழுத்து அல்லது கைநாட்டு. அவ்வளவுதான். கார்பன் வைத்து எழுதி ஒரு காப்பியை அவர்களிடம் கொடுங்கள். எழுதத் தெரியாதவர் ஊக்குநரையோ பள்ளிக்கூடம் போகிற மகளையோ வைத்து எழுதலாம். ஆனால் அன்றைக்கே எழுத வேண்டும்.

"பையன் சேட்டை பண்ணி விழுந்துட்டான், சின்ன அடி" என்று எழுதக் கூடாது. சேட்டை என்பது நம் அபிப்பிராயம். சின்ன அடி என்று சொல்ல நாம் டாக்டர் இல்லை. "வாசப்படியில் ஓடும்போது தடுக்கி விழுந்தான். பின்னந்தலையில் எலுமிச்சங்காய் அளவு வீக்கம். ரத்தம் இல்லை" என்று எழுதுங்கள். நேரில் பார்க்கவில்லை என்றால் "நான் அடுப்படியில் இருந்தேன், அழுகைச் சத்தம் கேட்டு வந்தேன்" என்று உள்ளதை எழுதுங்கள்.

ஒரு குழந்தை இன்னொன்றைக் கடித்தால், கடித்த குழந்தை பெயரைக் கடிபட்ட குழந்தையின் அம்மாவிடம் சொல்ல வேண்டாம். "இன்னொரு குழந்தை" என்றால் போதும். இல்லையென்றால் இரண்டு குடும்பமும் லைன் முழுக்கச் சண்டை போடும். கடித்த குழந்தையின் அம்மாவிடம் தனியாகச் சொல்லுங்கள்.

காலையில் வாங்கும்போதே குழந்தையை ஒரு பார்வை பாருங்கள். ஏற்கெனவே காயம் இருந்தால் அப்போதே கேட்டு எழுதுங்கள். இது உங்களுக்கும் பாதுகாப்பு. அடிக்கடி சூட்டுக்காயம், கைத்தடம் என்று சந்தேகம் வந்தால் 1098க்குச் சொல்லுங்கள். பாலியல் கொடுமை என்று தெரிந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது நம் கடமை. மறைத்தால் தண்டனை உண்டு. அந்த விஷயத்தைக் குழுக் கூட்டத்தில் பேசக் கூடாது.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது

"எழுதிக் கொடுத்தா அதையே பிடிச்சுக்கிட்டுச் சண்டைக்கு வருவாங்க, புள்ளைய வேற இடத்துல விட்டுருவாங்க" என்று நிறைய அக்காமார் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான பயம்தான். மாசாமாசம் அந்தப் பணத்தில்தான் குழுக் கடன் கட்டுகிறீர்கள். கோபப்படவே மாட்டார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கோபப்படுவார்கள். ஆனால் நீங்கள் சொல்லித் தெரிவது வேறு, குளிப்பாட்டும்போது காயத்தைப் பார்த்துத் தெரிவது வேறு. இரண்டாவதில் நம்பிக்கையே போய்விடும். அப்புறம் நீங்கள் சொல்கிற உண்மையும் எடுபடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோட்டு எழுதினால் கவனக்குறைவு கழுவிப் போய்விடாது. மூடாத தண்ணித் தொட்டியில் குழந்தை விழுந்தால், எழுதியது நம்மைக் காப்பாற்றாது. அதனால் மாதம் ஒரு தடவை நோட்டைப் புரட்டிப் பாருங்கள். ஒரே இடம், ஒரே நேரம் திரும்ப வருகிறதா? சாயங்காலம் ஆறு மணி, சமையலும் ஆட்கள் வருவதும் ஒன்றாக இருக்கும் நேரத்தில் அடி அதிகமா? அந்த நேரத்துக்கு ஒரு ஆள் துணை வையுங்கள். நல்ல தண்ணி வாராவாரம் வருகிற ஊரில் டிரம்மும் தொட்டியும் இல்லாத வீடு இல்லை. ஒவ்வொன்றுக்கும் மூடி போடுங்கள். ஒரு சாண் தண்ணியிலும் குழந்தை மூழ்கிவிடும். பிசிர் வெட்டுகிற பீஸ் வாங்கி வந்தால் கட்டர், பட்டன், கறை எடுக்கிற பாட்டில் எல்லாம் பரண் மேல் இருக்கட்டும். குழந்தைகள் இருக்கிற நேரத்தில் அந்த வேலையே வேண்டாம்.

கூட்டமைப்பு செய்ய வேண்டியது

மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று, குழந்தை பார்க்கும் ஒவ்வொரு உறுப்பினருக்கும் கூட்டமைப்பு செலவில் ஒரு நோட்டும் முதலுதவிப் பெட்டியும். இரண்டு, ஆட்டோ, மருந்துச் செலவுக்கு ஒரு அவசர நிதி. கையில் காசில்லை என்பதற்காக ஒரு குழந்தையும் காத்திருக்கக் கூடாது. மூன்று, உண்மையைச் சொன்னதற்காக எந்த உறுப்பினரையும் குழுவில் ஏளனம் செய்யக் கூடாது. பெற்றோருடன் பிரச்சினை வந்தால் இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துக் கூட்டமைப்பு பேச வேண்டும்.

குழந்தையை விட்டுப் போகிறவளும் பெண். பார்த்துக்கொள்கிறவளும் பெண். இரண்டு பேருக்கும் ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது. ஒருவரையொருவர் பயந்து உண்மையை மறைத்தால் நடுவில் கஷ்டப்படுவது பேசத் தெரியாத அந்தக் குழந்தைதான். அதற்குப் பதிலாக நாம் பேசுவோம், எழுதி வைப்போம். நாளைக்குக் காலையிலேயே ஒரு நோட்டுக்கு அட்டை போட்டுவிடுங்கள்.